லேப் வைரத்தை விற்கப் போனால் என்ன கிடைக்கும்?

தங்கத்தை விற்கப் போகிறவருக்கு ஒரு தைரியம் உண்டு. காலையில் பேப்பரைப் புரட்டினால் அன்றைய கிராம் விலை தெரிந்துவிடும். செய்கூலி போகும், சேதாரம் போகும், கட்டிய ஜிஎஸ்டியும் போகும். மிச்சமிருக்கும் தங்கத்துக்கு எடைக்கு எடை காசு. தி. நகரில் வாங்கியதைத் திருநெல்வேலியில் விற்றாலும் பெரிய வித்தியாசம் வராது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அது தங்கத்துக்குக் கிட்டத்தட்ட பொருந்தும்.

வைரத்தை விற்கப் போகிறவருக்கு இந்தத் தைரியம் கிடையாது. வைரத்தின் இன்றைய விலை என்று எந்தப் பேப்பரிலும் ஒரு கட்டம் வருவதில்லை. கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு தொகை சொல்வார். அதுதான் விலை. அதுவும் கையில் இருப்பது லேப் வைரம் என்றால் பல கடைகளில் லென்ஸைக்கூட எடுக்க மாட்டார்கள். "இதை நாங்க எடுக்கிறதில்லைங்க" என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது ஊரெல்லாம் லேப் வைரம்தான். நிச்சயதார்த்த மோதிரம், மூக்குத்தி, தோடு எல்லாவற்றிலும் வந்துவிட்டது. "அதே வைரம், விலை மட்டும் குறைவு" என்று விளம்பரம். பொய் இல்லை. ஆனால் அந்த வரி முழு உண்மையும் இல்லை. வாங்கும்போது சொல்லப்படும் விலைக்கும், விற்கும்போது கிடைக்கும் விலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில், அது போலியா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கடைகளில் விற்கும் கல் வேறு. அது க்யூபிக் ஸிர்கோனியா. அதில் கார்பன் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாய்சனைட் என்பது சிலிக்கான் கார்பைடு, அதுவும் வேறு. லேப் வைரம் அப்படி அல்ல. சுத்தமான கார்பன், வைரத்துக்கே உரிய அணு அடுக்கு, அதே கடினம், அதே பளபளப்பு. பழகிய நகை வியாபாரியால்கூட லென்ஸை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கென்று கருவிகள் வேண்டும்.

செய்யும் முறை இரண்டு. ஒன்று, பூமிக்கு அடியில் நடப்பதை இயந்திரத்துக்குள் நடத்துவது. ஐம்பதாயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், 1300 டிகிரிக்கு மேல் வெப்பம். இதற்கு ஹெச்பிஹெச்டி என்று பெயர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் டிரேசி ஹால் 1954 டிசம்பரில் இப்படித்தான் வைரம் செய்தார். அடுத்த ஆண்டு கம்பெனி அதை உலகத்துக்கு அறிவித்தது. இரண்டாவது முறை சிவிடி. மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் சூடாக்கி, கார்பனை அணு அணுவாக அதன்மேல் படிய வைப்பது. தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, விதை இல்லாமல் கல் வளராது.

1970ல் ஜெனரல் எலக்ட்ரிக் நகையில் வைக்கிற தரத்தில் ஒரு காரட் அளவுக்குக் கல் செய்து காட்டியது. அப்போது அதைச் செய்ய ஆன செலவு, சுரங்க வைரத்தை வாங்குகிற விலையைவிட அதிகம்! அதனால் யாரும் அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. ஆக, செய்யத் தெரியாமல் இருந்ததால் வைரம் விலை அதிகமாக இருக்கவில்லை. மலிவாகச் செய்யத் தெரியாமல் இருந்தது. அந்தத் தடை சுமார் நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான்.

விலை விழுந்த கதை

இதற்கு நல்ல சாட்சி டி பியர்ஸ் கம்பெனியே. 1888ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய கம்பெனி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலக வைர வியாபாரத்தைக் கைக்குள் வைத்திருந்தது. வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற பொருளில் 1947ல் எழுதப்பட்ட அவர்களுடைய விளம்பர வாசகம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கல்லை ஒரு கல்யாணத்தோடு கட்டிப்போட்ட வாசகம் அது. அதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டிய பொருளை யாரும் விற்க மாட்டார்கள். யாரும் விற்காவிட்டால், விற்றால் என்ன கிடைக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது.

இந்தக் கம்பெனி 2018 மே மாதம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. லைட்பாக்ஸ் என்ற பெயரில் தானே லேப் வைர நகை விற்கப் போவதாக அறிவித்தது. அந்த நேரத்தில் ஒரு காரட் லேப் வைரம் சந்தையில் சுமார் 4000 டாலர். அதே மாதிரி சுரங்க வைரம் சுமார் 8000 டாலர். லைட்பாக்ஸ் வைத்த விலை? காரட்டுக்கு 800 டாலர். கால் காரட் என்றால் 200. ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு!

ஏன் இந்தத் தாராளம்? காரணம் வெளிப்படை. லேப் வைரம் வேறு, சுரங்க வைரம் வேறு என்று ஜனங்கள் மனதில் பதிய வேண்டும். அது விளையாட்டு நகை, இது வாழ்நாள் நகை என்று கோடு கிழிக்க வேண்டும். அதற்காக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 9.4 கோடி டாலர் செலவில் ஒரு தொழிற்சாலையே கட்டினார்கள்.

அப்புறம் நடந்தது அவர்களே எதிர்பார்க்காதது. விலை 800ல் நிற்கவில்லை. மற்றவர்கள் அதற்கும் கீழே போனார்கள். 2024 மே மாதம் லைட்பாக்ஸும் காரட் 500 டாலருக்கு இறங்கி வந்தது. அடுத்த மாதமே, நகைக்காக லேப் வைரம் செய்வதை நிறுத்துவதாக டி பியர்ஸ் சொன்னது. 2025 மே மாதம் லைட்பாக்ஸ் கடையையே மூடுவதாக அறிவித்தது. ஏழு வருடம். மலிவு விலை என்று அவர்கள் வைத்த விலையே அவர்களுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குச் சந்தை கீழே போய்விட்டது.

இப்போது 2018 தொடக்கத்தில் 4000 டாலர் கொடுத்து லேப் வைர மோதிரம் வாங்கிய ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். அன்றைய மதிப்பில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். அதே கல்லைப் புதிதாகவே சில நூறு டாலருக்கு வாங்க முடிகிற காலத்தில், அவருடைய பழைய கல்லை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள்? கல்லில் ஒரு கீறல் விழவில்லை. பளபளப்பு ஒரு துளி குறையவில்லை. போனது விலை மட்டும்தான்.

ஏன் விழுகிறது?

சுரங்க வைரம் பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டர் ஆழத்தில், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் உருவானது. எரிமலைக் குழம்பு அதை மேலே கொண்டுவந்து தள்ளியது. இன்னொரு சுரங்கம் வேண்டும் என்று நினைத்தால் கிடைத்துவிடாது. கிடைத்தாலும் தோண்டத் தொடங்கப் பல வருடம் ஆகும்.

லேப் வைரத்துக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. இன்னொரு இயந்திரம் வாங்கினால் இன்னொரு சுரங்கம் கிடைத்த மாதிரி. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஹெச்பிஹெச்டி இயந்திரங்கள் வரிசையாக ஓடுகின்றன. குஜராத்தின் சூரத்தில் சிவிடி இயந்திரங்கள். உலகத்து வைரங்களில் பத்தில் ஒன்பதைப் பட்டை தீட்டுகிற ஊர் சூரத். பட்டை தீட்டத் தெரிந்த கைகள் அங்கேயே இருக்கின்றன. விதையும் மின்சாரமும் கிடைத்தால் போதும், சில வாரங்களில் கல் தயார்.

இந்திய அரசும் கை கொடுத்தது. 2023-24 மத்திய பட்ஜெட்டில் லேப் வைர விதைக்கான இறக்குமதி வரி 5 சதவீதத்திலிருந்து பூஜ்யம் ஆனது. அந்த விதையையும் இயந்திரத்தையும் உள்நாட்டிலேயே செய்ய ஆராய்ச்சி வேண்டும் என்று ஐந்து ஆண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கி, ஐஐடி மெட்ராஸில் ஒரு மையம் அமைக்க ஒப்புதல் கொடுத்தார்கள். அதே 2023 ஜூனில் பிரதமர் மோடி அமெரிக்கா போனபோது ஜில் பைடனுக்குக் கொடுத்த பரிசு 7.5 காரட் லேப் வைரம். அமெரிக்க அரசு பின்னால் வெளியிட்ட பரிசுப் பட்டியலில் அதன் மதிப்பு 20,000 டாலர் என்று போட்டிருந்தார்கள். அதே அளவு, அதே தரத்தில் சுரங்க வைரம் என்றால் அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது.

போட்டி கூடினால் விலை இறங்கும். தொழில்நுட்பம் தேறினால் இன்னும் இறங்கும். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்ததுதான் இது. ஐந்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய டிவியை வாங்கிய விலைக்கு விற்க முடியவில்லையே என்று யாரும் அழுவதில்லை. ஏனென்றால் டிவியை யாரும் சேமிப்பு என்று நினைத்து வாங்கவில்லை. வைரத்தில்தான் அந்த நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முத்துக்கு நடந்தது

இது புதுக்கதையும் அல்ல. 1917ல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் ஒரு மாளிகை கைமாறியது. வாங்கியது கார்ட்டியே நகைக்கடை. கொடுத்த விலை 100 டாலரும், இரட்டை வடம் கொண்ட ஓர் இயற்கை முத்து மாலையும். மாலையின் அன்றைய மதிப்பு பத்து லட்சம் டாலர். ஒரு மாலைக்கு ஒரு மாளிகை!

பிறகு ஜப்பானில் மிகிமோட்டோ போன்றவர்கள் வளர்த்த முத்து சந்தைக்கு வந்தது. சிப்பிக்குள் ஒரு மணியை வைத்துப் பண்ணையில் வளர்த்த முத்து. அதுவும் உண்மையான முத்துதான், போலி இல்லை. ஆனால் எத்தனை வேண்டுமானாலும் வளர்க்கலாம். 1957ல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது போனது சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்கு. மாளிகை இன்றும் கார்ட்டியே கையில் இருக்கிறது. பாரசீக வளைகுடாவில் முத்துக் குளித்துப் பிழைத்த ஊர்கள் அதற்குள் நொடித்துப் போயிருந்தன. தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிவப்புக்கல்லுக்கும் இதே கதி வந்தது. பிரான்சில் வெர்னுய் என்பவர் 1902ல் நெருப்புச் சுடரில் மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் செயற்கை மாணிக்கம் கைக்கடிகாரத்துக்குள் சின்னத் தாங்கியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு அதன் விலை சொற்பம். அதே சமயம் சுரங்கத்தில் எடுத்த நல்ல பர்மா மாணிக்கம் இன்னும் ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிறது. இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான்.

இதிலிருந்து இரண்டு பாடம் படிக்கலாம். ஒன்று, இயந்திரத்தில் செய்த கல் ஒருமுறை மலிவானால் மறுபடி விலை ஏறியதாகக் கதை இல்லை. இரண்டு, இயற்கைக் கல்லுக்கு எப்போதும் ஒரே முடிவு வருவதில்லை. முத்து விழுந்தது, மாணிக்கம் தப்பித்தது. சுரங்க வைரம் எந்தப் பக்கம் போகும் என்று அடித்துச் சொல்கிறவர் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சரி, சுரங்க வைரம் மட்டும் யோக்கியமா?

இங்கேதான் வேடிக்கை. லேப் வைரத்துக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது என்று அதிகம் சத்தம் போடுவது யார்? சுரங்க வைரம் விற்கிறவர்கள். சாத்தான் வேதம் ஓதுகிற மாதிரி!

1982ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் பத்திரிகையில் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வைரத்தை விற்க முயன்று பார்த்ததுண்டா என்பதுதான் தலைப்பே. கடைக்காரர்கள் தாங்கள் விற்ற கல்லையே திரும்ப வாங்கத் தயங்குவதையும், வாங்கினாலும் கொடுத்த விலையில் ஒரு பகுதிதான் கிடைப்பதையும் அவர் எடுத்துப் போட்டார். அப்போது லேப் வைரம் கடைப்பக்கமே வரவில்லை. ஆகவே மறுவிற்பனைச் சிக்கலை லேப் வைரம் கொண்டுவரவில்லை. அது வைர வியாபாரத்தோடு கூடப் பிறந்தது.

காரணம் எளிது. கடைக்காரருக்குக் கல் மொத்த விலையில் கிடைக்கிறது. பல சமயம் கடனுக்கே கிடைக்கிறது, விற்ற பிறகு காசு கொடுத்தால் போதும். அப்படியிருக்க, வீதியில் நடந்து வருகிற ஒருவரிடம் ரொக்கம் கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? வாங்கினால் மொத்த விலைக்கும் கீழேதான் வாங்குவார். கடையின் லாபம், நகை மேல் கட்டிய 3 சதவீத ஜிஎஸ்டி, செய்கூலி எல்லாம் வாங்கிய அன்றே கரைந்துவிட்டவை.

போதாக்குறைக்குச் சுரங்க வைரத்தின் விலையும் 2022க்குப் பிறகு இறங்குமுகம்தான். டி பியர்ஸின் தாய்க் கம்பெனியான ஆங்கிலோ அமெரிக்கன் 2024ல் அதை விற்றுவிடப் போவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அதன் கணக்கு மதிப்பில் 290 கோடி டாலரைக் குறைத்து எழுதியது. ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குக்கு வைரத்தை நம்பியிருக்கும் போட்ஸ்வானா நாட்டின் பொருளாதாரம் 2024ல் சுருங்கியது. சூரத்தில் பட்டறைத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், கூலி குறைந்தது. மதிப்பு என்றென்றும் நிலைக்கும் என்று விற்ற பொருள், அதை விற்றவர் கணக்கிலேயே நிலைக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

ஓர் உதாரணம். சுரங்க வைர மோதிரம் 4 லட்சம் ரூபாய், அதே மாதிரி லேப் வைர மோதிரம் 40 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து இரண்டையும் விற்க வேண்டிய நிலை. சுரங்க வைரத்துக்குப் பாதி விலை கிடைக்கிறது என்றே தாராளமாக வைத்தாலும் நஷ்டம் 2 லட்சம். லேப் வைரத்துக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை என்றாலும் நஷ்டம் 40 ஆயிரம்.

மறுவிற்பனை மதிப்பு உள்ள கல்லில் 2 லட்சம் போகிறது. மதிப்பே இல்லாத கல்லில் 40 ஆயிரம் போகிறது. எது நஷ்டம்? மிச்சமான 3 லட்சத்து 60 ஆயிரத்தைத் தங்கக் காசாகவோ வங்கியிலோ போட்டு வைத்திருந்தால் அது தனிக்கணக்கு.

ஆகவே 'மறுவிற்பனை மதிப்பு இல்லை' என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் லேப் வைரத்தை ஒதுக்கி, பத்து மடங்கு கொடுத்துச் சுரங்க வைரம் வாங்குவது கெட்டிக்காரத்தனம் ஆகாது. ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் சரியாக வரும். லேப் வைரத்தை லேப் வைர விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். 40 ஆயிரத்துக்குக் கிடைக்கும் கல்லை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிவிட்டு, 'சுரங்க வைரத்தைவிடப் பாதிக்கும் குறைவு' என்று சந்தோஷப்பட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். சுரங்க வைரத்தோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி சொல்கிற கடையில்தான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். ஒப்பிட வேண்டியது பக்கத்துக் கடை லேப் வைரத்தோடு.

எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்

கடைக்காரரிடம் கேட்டால் சட்டென்று ஒரு பதில் வரும். "100 சதவீத எக்ஸ்சேஞ்ச், 80 சதவீத கேஷ்பேக்." கேட்க இனிக்கும். எதில் 80 சதவீதம் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

வாங்கிய விலையில் 80 சதவீதமா? விற்கிற அன்றைய விலையில் 80 சதவீதமா? 50 ஆயிரத்துக்கு வாங்கிய கல் மூன்று வருடத்தில் புதிதாகவே 20 ஆயிரத்துக்கு வந்துவிட்டது என்றால், அன்றைய விலைக்கணக்கில் கையில் வருவது 16 ஆயிரம். வாக்குத் தவறவில்லை, 80 சதவீதம் கொடுத்தாயிற்று!

எக்ஸ்சேஞ்ச் என்பதும் காசு அல்ல. அதே கடையில், அவர்கள் சொல்கிற விலையில், இன்னொரு நகை எடுக்க வேண்டும். சில இடங்களில் பழையதைவிடக் கூடுதல் விலைக்கு எடுத்தால்தான் மாற்றித் தருவார்கள். ஆஸ்பத்திரி பில் கட்டவோ, காலேஜ் ஃபீஸ் கட்டவோ அது உதவாது.

இன்னொன்று, வாக்குக் கொடுத்த கடை அப்போது இருக்க வேண்டும். லேப் வைரத் தொழிலில் பெரிய கம்பெனிகளே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றான டபிள்யூடி லேப் குரோன் டைமண்ட்ஸ் 2023 அக்டோபரில் திவால் மனு போட்டது. நேற்று திறந்த சின்ன ஷோரூம் பத்து வருடம் கழித்து அதே இடத்தில் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

விற்கவா வாங்குகிறார்கள்?

இங்கே ஒரு கேள்வி வரும். யாராவது வைர மோதிரத்தை விற்பதற்காக வாங்குவார்களா? ஆசைக்குப் போடுகிறார்கள். பட்டுப்புடவைக்கு மறுவிற்பனை மதிப்பு பார்க்கிறோமா என்ன?

நியாயமான கேள்விதான். ஆசைக்கு என்று தெரிந்தே வாங்குகிறவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. லேப் வைரம் அவர்களுக்காகவே வந்த மாதிரி. முன்பு பணக்கார வீடுகளில் மட்டும் இருந்த வைரத்தோடு இன்று முதல் சம்பளம் வாங்கிய பெண்ணுக்கும் எட்டுகிறது. இது நல்ல மாற்றம். இதைக் குறை சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் நம் ஊரில் நகை என்பது ஆசை மட்டும் இல்லை. பல பெண்களுக்குத் தங்கள் பெயரில் இருக்கும் ஒரே சொத்து நகைதான். வீடு புருஷன் பெயரில், நிலம் மாமனார் பெயரில், வங்கிக் கணக்கு யாரோ பார்க்கிற கணக்கு. கஷ்ட காலத்தில் கழற்றி அடகுக்கடைக்குக் கொண்டுபோவது கழுத்தில் கிடப்பதைத்தான். கல்யாணத்தில் அம்மா வீட்டில் போடுகிற நகைக்கு இத்தனை சவரன் என்று கணக்கு வைப்பதும் அதனால்தான். அந்தச் சவரன் கணக்கில் நான்கு சவரனைக் குறைத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு வைர செட் போடுகிறார்கள் என்றால், அந்தப் பெண்ணின் பாதுகாப்பில் நான்கு சவரன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பார்க்க வைர செட்தான் எடுப்பாக இருக்கும்.

வங்கியில் நகைக்கடன் வாங்கப் போனவர்களுக்கு இது தெரியும். தங்கத்தின் எடையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். அது சுரங்க வைரமா, லேப் வைரமா, சாதாரண வெள்ளைக்கல்லா என்பதில் அவர்களுக்கு அக்கறையே இல்லை. ரிசர்வ் வங்கி விதியும் தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் பார்க்கச் சொல்கிறது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய கல், அவசரத்துக்குக் கடன் கேட்கும்போது எடையிலிருந்து கழிக்கப்படும் ஒரு பொருள் மட்டுமே.

லேப் வைரத்தில் தப்பு எதுவும் இல்லை. அதைச் சேமிப்பு மாதிரி பேசி விற்பதுதான் தப்பு. 'இன்வெஸ்ட்மெண்ட்' என்ற சொல்லைக் கல்லின் பக்கத்தில் வைத்து விற்கிற கடை, அது எந்தக் கல்லாக இருந்தாலும், வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது.

என்ன செய்யலாம்?

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பில்லில் தங்கத்தின் எடைக்கு ஒரு வரி, கல்லின் எடைக்கும் விலைக்கும் ஒரு வரி, செய்கூலிக்கு ஒரு வரி என்று பிரித்துப் போட வேண்டும். லேப் வைரம் என்றால் அந்தச் சொல்லையே அச்சிட வேண்டும். திரும்ப வாங்குவதாகச் சொன்னால் எந்த விலையின்மேல் எத்தனை சதவீதம், காசாகவா நகையாகவா என்று அதே பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்ப வாங்க மாட்டோம் என்றால் அதையும் எழுதலாம். அது அவமானம் இல்லை. பட்டுப்புடவைக் கடைக்காரர் அப்படித்தான் விற்கிறார், ஜனங்கள் வாங்காமலா இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, வைரம் என்பதற்கான விளக்கத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை எடுத்தது. லேப் வைரமும் வைரமே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற விதியை எடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் நியாயம். வைரத்துக்குச் சான்று கொடுக்கும் ஜிஐஏ நிறுவனமும் லேப் வைரத்தின் விளிம்பில் அது லேபில் வளர்ந்தது என்று லேசரில் பொடி எழுத்தில் பொறிக்கிறது. வாங்கும்போது கடையிலேயே லென்ஸ் வாங்கி அந்த எண்ணைச் சர்டிபிகேட்டோடு ஒத்துப்பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கல்லுக்குக் கொடுக்கும் காசைக் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு மாதிரி நினைத்துவிட வேண்டும். திரும்பி வராது. வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகை எவ்வளவோ, அவ்வளவுக்கு மட்டும் கல் வாங்கலாம். அதற்கு மேல் இருப்பது தங்கமாகவோ வங்கியிலோ இருக்கட்டும், முடிந்தால் அந்தப் பெண்ணின் பெயரிலேயே. மகளுக்கு வைரம் போட ஆசைப்படும் அம்மாவும் லேப் வைரத்தைப் போட்டுவிட்டு, மிச்சக் காசைச் சவரனாக வாங்கிக் கொடுக்கலாம். இரண்டு ஆசையும் நிறைவேறும்.

வைரம் மலிவாவது பற்றிக் கவலைப்படவும் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அலுமினியமும் இப்படித்தான் இருந்தது. 1884ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியக் கூம்பு வைத்தபோது, அந்த உலோகம் வெள்ளி விலைக்கு விற்றது. இரண்டே வருடத்தில் மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை வந்தது. அலுமினியத்தை நகையாகச் சேர்த்தவருக்கு நஷ்டம்தான், ஆனால் உலகத்துக்கு விமானமும் சமையல் பாத்திரமும் கிடைத்தன. வைரமும் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிடப் பல மடங்கு கெட்டி. சூடாகிக் கொதிக்கும் சிப்புகளுக்கு அடியில் வைக்க அதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம். ஐஐடி மெட்ராஸ் மாதிரி இடங்களில் செலவழிக்கிற காசு அந்தப் பக்கம் பலன் கொடுத்தால், விலை விழுந்ததே வைரத்துக்கு நல்லதாகக்கூட முடியலாம்.

அதுவரை, நகைக்கடைக் கவுண்டரில் உட்காருகிறவர் மோதிரத்தைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அடுத்த வருஷம் இதைக் கொண்டுவந்தா, எவ்வளவு ரொக்கம் கொடுப்பீங்க? பில்லுல எழுதித் தர்றீங்களா?" பதில் சொல்லக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் நேரமே பாதி பதில்.